எதிர்வீட்டில் விசாரித்தால்

செருப்பை உள்ளேயே விட்டுவிடுங்கள் அம்மா. இந்த மாடியில் எதிரும் புதிருமாக இரண்டே வீடு, வெளியே கிடந்தால் எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிடும். சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் எதிர்வீட்டில்தான் விசாரிப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தாலும், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை.

அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி உட்காருங்கள். எந்த ஊர்? ஒட்டன்சத்திரமா? அங்கிருந்து விருதுநகருக்கு இரண்டு பஸ் மாற வேண்டுமே. பையனுக்கு நீங்கள் அம்மாவா? பெரியம்மா. அதுதான் சரி. அம்மாக்கள் வந்தால் பையன் பெருமையைப் பேசிவிட்டு, கேட்க வந்ததை மறந்துவிட்டுப் போவார்கள்.

என்ன பார்க்கிறீர்கள்? நான் பேசுவது புத்தகம் மாதிரி இருக்கிறதா? எல்லோரும் சொல்வார்கள். பன்னிரண்டு வருஷமாக வாழ்த்து அட்டைக்கு வாசகம் எழுதுகிறேன். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், பிறந்தநாள், காதலர் தினம், உடல் நலம் பெறுக, எல்லாம். எழுதி எழுதி வாயும் அச்சுத் தமிழாகிவிட்டது. என் பெயர் சௌந்தரம். எங்கள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்தார். அவர் ஆபீசில் யார் ஓய்வு பெற்றாலும் பிரிவு உபசார மடல் நான்தான் எழுதிக் கொடுப்பேன். கண்ணாடி போட்டு மாட்டுவார்களே, அது. ஒரு மடலைப் பார்த்துவிட்டு, சிவகாசி வாழ்த்து அட்டைக் கம்பெனி ஏஜென்ட் ஒருவர் வந்து, அட்டைக்கு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அவர் வந்துபோன மறு வருஷம் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். வாசகம் மட்டும் நின்றது.

நான் கம்பெனி ஆள் இல்லை. சம்பளம், போனஸ் ஒன்றும் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து எழுதுவேன், கொண்டுபோய்க் கொடுப்பேன், ஓர் அட்டைக்கு இவ்வளவு என்று தருவார்கள். ஆடி மாத வெயிலில் உட்கார்ந்து பொங்கல் வாழ்த்து எழுத வேண்டும். புரட்டாசியில் ஏஜென்டுகள் அட்டை மாதிரிகள் ஒட்டிய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவார்கள். ஊர் பொங்கல் வைக்கும்போது எனக்கு அது ஆறு மாதப் பழைய பொங்கல்.

நீங்கள் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்க வந்தீர்கள். வருகிறேன். மங்கையர்க்கரசி. மங்கை என்று கூப்பிடுவோம். கூப்பிடுவார்கள். நான் இப்போது கூப்பிடுவதில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்ல மாட்டேன். நாலு கெட்டது சொன்னால் நாலும் நடந்ததாக இருக்கும். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

குணம் எப்படி என்றா கேட்டீர்கள்? வாய்த் துடுக்கு. அதில் ஆரம்பிப்போம். அவள் அப்பா பருப்பு மில்லில் எடைமேடையில் கணக்கு எழுதுகிறவர். நாலு பேர் எதிரில் தலை நிமிர மாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி இறங்குவதில்லை. இவர்களுக்கு எப்படி இப்படி ஒரு வாய் பிறந்தது என்று தெரியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், அச்சாகி வந்த என் அட்டை ஒன்றை இதோ இந்த மேஜையில் பார்த்தாள். கம்பெனியில் யாரோ வரைந்த படம். ஒரு ரோஜா, ஒரு மெழுகுவர்த்தி. எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "சித்தி, உங்க வரிக்கும் இந்தப் படத்துக்கும் ஏதாச்சும் சண்டையா?"

"ஏன்டி?"

"ஒன்னுக்கொன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குதே."

அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. ஓவியத்தில் ஹையர் கிரேடு பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு ஸ்கூலில் டிராயிங் டீச்சர் வேலைக்குக் காத்திருந்தாள். மறுநாளே அந்த வாசகத்துக்கு ஒரு படம் வரைந்து கொண்டுவந்து நீட்டுகிறாள். யார் கேட்டது? நான் கேட்கவில்லை. நல்ல படம்தான். அதற்காகக் கேட்காமல் கொடுக்கலாமா?

அதிலிருந்து நான் வாசகம், அவள் படம். காலையில் சமையலை முடித்துவிட்டு இங்கே வந்துவிடுவாள். அந்த ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். சாயங்காலம் விளக்கு வைக்கிற வரைக்கும் இங்கேதான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். சொந்த வீட்டில் கால் தங்காத பெண். ஆறு வருஷம் எதிர்வீட்டிலேயே கிடந்தாள்.

பிடிவாதம் என்றால் சொல்கிறேன். ஒரு பொங்கலுக்குப் பானை வரைந்தாள். எல்லோரும் எப்படி வரைவார்கள்? பளபளவென்று பித்தளை, மஞ்சள் கொத்து, நாமமோ பட்டையோ, நுரை வழியும். இவள் பானைக்கு அடியில் கரி பூசி வைத்திருக்கிறாள். கம்பெனி முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி நல்ல மனிதர், சத்தம் போட மாட்டார். அவரே பதறிவிட்டார்.

"என்னம்மா இது? கரிப்பானையை எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"அண்ணாச்சி, உங்க வீட்டுல பொங்கல் எதுல வைக்கிறீங்க?"

"பானையிலதான்."

"அடியில எரியுதா இல்லியா?"

"எரியுது."

"அப்போ கரி எங்க போகும்?"

முதலாளியிடம் இப்படியா பேசுவது? அவர் சிரித்துக்கொண்டே ஆல்பத்தில் போட்டார். அந்த வருஷம் எல்லாவற்றையும் விட அதிகம் போனது அந்த அட்டைதான். ஊரெல்லாம் கரிப்பானை. எதனால் போனது? உள்ளே என் வாசகம் இருந்தது. "பொங்கும் உள்ளம், எங்கும் தங்கும்." நீங்களே சொல்லுங்கள், அந்த வரிக்குப் போகாமல் வேறெதற்குப் போயிருக்கும்? ஆனால் ஏஜென்டுகள் எல்லோரும் "அந்தக் கரிப்பானை குடுங்க" என்றுதான் கேட்டார்கள்.

காபி எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுகிறது.

அடுத்தது பொய். கூசாமல் பொய் சொல்வாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பித்தப்பையில் கல். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கையெழுத்துப் போட ரத்த சொந்தம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குக் குழந்தை குட்டி கிடையாது. நான் மயக்கத்தில் கிடக்கிறேன். இவள், "நான்தான் மக" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தகப்பன் பெயர் என்று எங்கள் வீட்டுக்காரர் பெயரை எழுதியிருக்கிறாள், அதுவும் முதலெழுத்தோடு சரியாக. அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இன்றைக்கும் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். பொய்க் காகிதம். பதினோரு நாள் அங்கேயே இருந்தாள். வார்டில் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். ஆண்களும் பெண்களும் போய்வருகிற இடம். கல்யாணமாகாத பெண் கண்ட இடத்தில் படுக்கலாமா? நீங்கள் குடும்பப் பெண், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுத்தம்? கை சுத்தம்தான். சாயத்தைத் துடைக்கத் தாவணியை எடுக்கிறவள், ஆனால் கை சுத்தம். ஒரு தடவை அண்ணாச்சி படத்துக்கு அதிகமாகவும் வாசகத்துக்குக் குறைவாகவும் போட்டுக் கவரைக் கொடுத்துவிட்டார். படி இறங்கின பிறகு பார்த்துவிட்டு, மறுபடி ஏறிப் போய்ச் சமமாகப் பிரித்து வாங்கிவந்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் மறைத்துச் செய்தாள். மறைக்கிற பழக்கம் ஒரு பெண்ணுக்கு நல்லதா?

சிரிக்கிறீர்களா? இல்லையா? சரி.

சண்டைக்கு வருகிறேன். போன வைகாசியில் மதுரைக்குப் போயிருந்தேன். ஒரு பெரிய பேப்பர் கடையில் நம் அட்டைகள் அடுக்கியிருந்தன. சும்மா ஒரு ஓரமாக நின்று பார்த்தேன், யார் எதை எடுக்கிறார்கள் என்று. ஒரு மணி நேரம் நின்றேன். எட்டுப் பேர் அவள் படம் போட்ட அட்டையை எடுத்தார்கள். கையில் வைத்துப் பார்த்தார்கள், தள்ளி வைத்துப் பார்த்தார்கள், பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினார்கள். ஒரே ஒருவன்தான் திறந்தான். அவனும் விலை போட்டிருக்கிறதா என்று பார்க்கத் திறந்தான்.

படம் அப்படி இருந்தால் எவன் திறப்பான்? வாசல் இவ்வளவு அலங்காரமாக இருந்தால் வாசலோடு திரும்பிவிடுவான். இதை அவளிடம் சொன்னேன். "படத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்" என்றேன். "எப்படிக் குறைக்கிறது சித்தி, பாதிப் பூவா வரையவா?" என்று கேட்டாள். வாய்த் துடுக்கு என்றேன் அல்லவா.

ஆனியில் அண்ணாச்சி இரண்டு பேரையும் சிவகாசிக்கு வரச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தாலே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வருசத்துலேருந்து உள்ள ஒன்னும் போட வேண்டாம்னு பாக்குறேன். வெத்தா விட்டா, வாங்குறவங்க மனசுல இருக்கத அவங்களே எழுதிக்கிறாங்க. வெளியூர்ல அதான் ஓடுது."

"அவங்க மனசுல ஒன்னும் இல்லாமத்தானே அண்ணாச்சி பன்னிரண்டு வருசமா என்கிட்ட வாங்குறீங்க" என்றேன். அப்போது கொச்சையாகவே வந்துவிட்டது.

அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது இவள் எழுந்தாள். யார் கேட்டது இவளை? "உள்ள சித்தி வரி இல்லேன்னா, வெளிய என் படமும் இல்ல அண்ணாச்சி."

"யோசிச்சுச் சொல்லும்மா. வருசத்துக்கு எண்பது கார்டு உனக்கு மட்டும்."

"யோசிச்சாச்சு."

ஆல்பத்தைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நானும் பின்னால் வர வேண்டியதாயிற்று. அவள் பின்னால் நான்! பஸ்ஸில் ஏறின பிறகு கேட்டேன். "உன்னை யாருடி எனக்குப் பிச்சை போடச் சொன்னது?"

"பிச்சை இல்ல சித்தி. உங்க வரி இல்லாம எனக்கு என்ன வரையறதுன்னு தெரியாது."

பொய் பார்த்தீர்களா? மறுபடியும் பொய். கரிப்பானைக்கு என் வரியில் கரி எங்கே இருந்தது? அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாளோ என்னவோ, நான் பார்க்கவில்லை, எனக்கு முன்னால் கம்பி இருந்தது. திருத்தங்கல் தாண்டுவதற்குள் பேச்சு நின்றுபோயிற்று. இப்போது ஏழு மாதம்.

எண்பது அட்டை! அப்பா எடைமேடையில் என்ன சம்பாதித்துவிடுகிறார்? கையில் வந்ததை இப்படித் தட்டிவிடுகிறவள் நாளைக்கு உங்கள் வீட்டில் குடித்தனம் எப்படிச் செய்வாள், யோசித்துப் பாருங்கள். இப்போது ஸ்கூல் சுவரில் குரங்கும் யானையும் வரைந்துகொண்டிருக்கிறாள். வெயிலில் சாரம் ஏறி நின்று. கறுத்துப்போய்விட்டாள். நிறம் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

பேசுவதில்லை என்றேனே, ஆனால் தொந்தரவு விடவில்லை. எனக்குப் படி இறங்கினால் மூச்சு வாங்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படித்தான். கீழே பால்காரன் வைத்துவிட்டுப் போகிற பாக்கெட்டை இந்த ஏழு மாதமாக அவள்தான் கொண்டுவந்து என் வாசலில் வைக்கிறாள். நான் கேட்டேனா? கதவைத் தட்டக்கூட மாட்டாள். வைத்துவிட்டுப் போய்விடுவாள். இதற்கு என்ன பெயர்? நான் சொல்கிறேன், திமிர்.

நீங்கள் குடித்தது அந்தப் பால்தான். வேறு பால் இல்லை, என்ன செய்வது.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று பார்க்கிறேன். கல்யாண விஷயம். நாளைக்கு நீங்கள், "எதிர்வீட்டில் இருந்துகொண்டு தெரிந்தும் சொல்லவில்லையே" என்று என்னைக் கேட்கக் கூடாது. நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒரு தாள் காட்டுகிறேன். இருங்கள், அலமாரியில் இருக்கிறது.

இது. கண்ணாடி இருக்கிறதா உங்களிடம்? கையெழுத்து அவளுடையது. சந்தேகமாக இருந்தால் அந்த வீட்டுக்குப் போகும்போது ஏதாவது எழுதச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி "ழ" விருதுநகரில் வேறு யாரும் போட மாட்டார்கள். படியுங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சத்தமாகவே படியுங்கள், பரவாயில்லை.

"நீ போய்ப் பதினெட்டு நாள். நீ குடித்து வைத்த டம்ளர் இன்னும் ஜன்னல் திட்டில் இருக்கிறது. கழுவி வைத்தால், நீ போனது உறுதியாகிவிடும்."

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. யாருக்கு எழுதியது என்று என்னைக் கேட்காதீர்கள். கல்யாணமாகாத பெண், ஜன்னல் திட்டு, டம்ளர். உங்களுக்குப் புரியும்.

என்ன, மறுபடியும் படிக்கிறீர்கள்? ஒரு தடவை படித்தால் போதுமே. கண்ணாடியை ஏன் கழற்றுகிறீர்கள்? அம்மா?

என்ன சொன்னீர்கள்? உங்கள் பையனும் இப்படித்தான் வைத்திருந்தானா? எதை? அவள் குடித்த டம்ளரையா? யார் அவள்?

பெண்டாட்டியா!

இருங்கள், இருங்கள். பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதா? இறந்துபோய் இரண்டு வருஷமா? அது துக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் தாரத்துக்கா வந்திருக்கிறீர்கள்? இதை வாசல்படி ஏறும்போதே சொல்ல வேண்டாமா? எங்கள் பெண்ணுக்கு என்ன குறை? கையா, காலா? அவள் வரைந்த பானையில் தமிழ்நாடே பொங்கல் கொண்டாடியது. அவளை இரண்டாம் தாரமாகக் கொடுப்பதற்கு இங்கே யாரும் குப்பையில் கிடக்கவில்லை. அவள் அப்பாவுக்குத் தெரியுமா? தெரிந்துதான் வரச் சொன்னாரா? அவளுக்குமா?

அவளே சரி என்றாளா.

முப்பது ஆகப் போகிறது, வந்த இடம் இரண்டும் தட்டிப்போய்விட்டது, இனிமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று அவள் அப்பா சொன்னாரா. ஏன் தட்டிப்போயிற்று என்று சொன்னாரா? தெரியாதாம். ஆமாம். அவருக்கு எப்படித் தெரியும். ஆவணியில் அருப்புக்கோட்டைக்காரர்கள், கார்த்திகையில் சாத்தூர்க்காரர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். இந்தத் தாளைப் படித்தார்கள். எதிர்வீட்டுப் படியில் கால் வைக்காமலே இறங்கிப் போனார்கள். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. தாளைக் கொடுத்தேன். கையெழுத்து அவளுடையது என்றேன். அவளுடையதுதானே?

இப்போது நீங்கள் மட்டும் ஏன் அதை மடித்து மடியில் வைத்துக்கொள்கிறீர்கள்? கொடுங்கள் இங்கே.

யாருக்கு எழுதியிருந்தாலும் பரவாயில்லையா? போனவனுக்கு எழுதியது, போனவனைப் பற்றி நமக்கென்ன என்கிறீர்களா? இப்படி ஒருத்தரை நினைக்கத் தெரிந்த பெண் வந்தால் உங்கள் பையன் எழுந்து உட்கார்ந்துவிடுவானா? இப்படி எழுதுகிற பெண்ணை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும் என்று என்னிடமே கேட்கிறீர்களா?

எழுதுகிற பெண்ணா? எந்தப் பெண்? அம்மா, அவளுக்கு ஒரு வரி எழுத வராது. மளிகைச் சாமான் சீட்டு எழுதினாலே பக்கத்தில் கத்திரிக்காய்ப் படம் போட்டுவிடுவாள். இது அவள் எழுதியதில்லை. நான் எழுதியது. நான்! என் வரி இது. கம்பெனிக்குக் கொடுக்கிற வாசகத்தை எல்லாம் நான் கிறுக்கித் தருவேன், அவள் அழகாகப் பிரதி எடுப்பாள். எண்பது தாள் இருக்கிறது அலமாரியில், எல்லாம் அவள் கையெழுத்து, எல்லாம் என் வரி. வேண்டுமானால் கொண்டுவந்து கொட்டுகிறேன். போன வருஷக் காதலர் தினத்துக்கு எழுதியது இது. அண்ணாச்சி திருப்பிவிட்டார். "டம்ளரைக் கழுவாத வீட்டுக்கு எவன்மா கார்டு அனுப்புவான்?" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் திருப்பிய ஒரே வரி. நான் எழுதியதில் உருப்படியான ஒரே வரி. அதைப் போய் அவள் எழுதியதாகச் சொல்கிறீர்கள்!

ஆமாம். தெரிகிறது. என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கும் தெரிகிறது.

காதல் கடிதம் என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. மற்ற இரண்டு பேரும் நம்பினார்கள் என்றால் வரி அவ்வளவு உண்மையாக இருந்தது. அன்றைக்குக்கூட எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வேண்டாம், அப்படிப் பார்க்காதீர்கள்.

யாரை நினைத்து எழுதினேன் என்றால்? எங்கள் வீட்டுக்காரரையா! நல்ல கதை. அவர் போனதும் அவரை நினைத்து நான் எழுதியது குடும்ப ஓய்வூதிய மனு ஒன்றுதான். மூன்று பிரதி. யாரையும் நினைக்கவில்லை. அட்டைக்கு எழுதியது. அவள் சங்கரன்கோவிலில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள், அங்கே ஒரு பிரசவம். வருகிறேன், வருகிறேன் என்று பதினெட்டு நாள் ஆக்கிவிட்டாள். இங்கே படம் வரைய ஆள் இல்லை, வேலை ஓடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தபோது எழுதியது. அவ்வளவுதான்.

டம்ளர் யாருடையது என்றால், இந்த வீட்டில் இரண்டு டம்ளர்தான் அம்மா புழக்கத்தில். ஒன்று என்னுடையது.

அவள் திரும்பி வந்து பிரதி எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரைப் பத்தி சித்தி?" என்றாள். "கார்டைப் பத்தி" என்றேன். எழுந்து போய்த் திட்டில் இருந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, படம் வரைய உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

சரி, உங்களுக்கு இப்போது எல்லாம் தெரியும். கிளம்புங்கள். அருப்புக்கோட்டைக்காரர்கள் போன வழியிலேயே போகலாம். ஐந்து மணிக்கு மதுரை பஸ் இருக்கிறது.

எதிர்வீட்டுக்கா போகிறீர்கள்? எதற்கு? பூ வைக்கவா? என்னம்மா பேசுகிறீர்கள்? இவ்வளவு நேரம் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுமா?

கேட்டுத்தான் முடிவு செய்தீர்களா? நான் என்ன நல்லது சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லையே! ஆஸ்பத்திரியா? அது பொய்க் கையெழுத்து. பால் பாக்கெட்டா? அது திமிர். அண்ணாச்சியிடம் பேசியதா? அது நான் கேட்காமல் செய்தது. எல்லாவற்றையும் நீங்கள் திருப்பிப் போட்டு எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

உட்காருங்கள். அம்மா, உட்காருங்கள். நல்ல நேரம் எங்கும் ஓடிப்போகாது. நீங்கள் கேட்டீர்கள், நான் சொன்னேன். இப்போது நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். அவள் அப்பா கேட்க மாட்டார், அவருக்குத் தலை நிமிராது. அவள் அம்மாவால் படி இறங்க முடியாது. வேறு யார் இருக்கிறார்கள் கேட்க?

முதல் பெண்டாட்டி எப்படி இறந்தாள்? காய்ச்சலா? எத்தனை நாள்? ஆஸ்பத்திரியில் யார் கூட இருந்தது? பையனா? பையனே இருந்தானா, ராத்திரியும் பகலும்? சரி. சரி. குடிப்பானா? சீட்டு? கோபம் வந்தால் சாமானை எறிவானா, சாப்பிடாமல் படுப்பானா? படுப்பானா, அது பரவாயில்லை, எழுப்பிவிடலாம். உங்கள் வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம்? வடக்கா? வடக்கு வெளிச்சம்தான் அவளுக்கு வேண்டும், மற்றது கண்ணுக்கு ஆகாது. வரைய விடுவீர்களா? இப்போது விடுவோம் என்பீர்கள். முதல் ஆடி கழிந்த பிறகு, "எதுக்கு இந்தச் சாயமும் தண்ணியும்" என்று யார் சொல்வார்கள் உங்கள் வீட்டில்? உங்கள் தங்கையா, நீங்களா? யோசித்துச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும்? பையனுக்குப் பெரியம்மா நீங்கள். நல்லதைத்தான் சொல்வீர்கள். நானே நேரில் வருகிறேன். வியாழக்கிழமை. படி இறங்கினால் மூச்சு வாங்கும்தான், நின்று நின்று இறங்குவேன். தெருப் பெயர் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். கதவு எண்?

உங்கள் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ரைஸ்மில்காரர் சம்சாரமா. பெயர் என்ன? கனகவல்லியா. உங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சு உண்டா? நாலு வருஷமாக இல்லையா? என்ன சண்டை? வேண்டாம், சொல்லாதீர்கள். அவர்கள் வாயால் கேட்டுக்கொள்கிறேன்.